மாடிப்படி விளக்கின் சுவிட்ச்: ஒரு குடும்ப மர்ம நாவலைத் திருத்துவது பற்றி

கணவன், மனைவி, மனைவியின் கல்லூரிக் காலத் தோழி ஆகிய மூவரை மட்டும் வைத்து ஒரு குடும்ப மர்ம நாவலை எழுதி முடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். படிக்கக் கொடுத்த நால்வரில் மூவர், கணவனுக்கும் தோழிக்கும் முன்பே பழக்கம் உண்டு என்பதை ஐந்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான்காமவர் கடைசிவரை படித்தார். ஆனால் கதையைச் சொல்லிவரும் மனைவிக்கே அந்தப் பழக்கம் தொடக்கத்திலிருந்து தெரியும் என்று முடிவில் வந்ததும், ஏமாற்றிவிட்டீர்கள் என்று கோபப்பட்டார். ரகசியத்தை இன்னும் ஆழமாகப் புதைப்பது எப்படி என்பது உங்கள் கேள்வி.

இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டாம் என்பதே என் பதில். பல ஆண்டுகளாக இவ்வகை நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தும் வேலையைச் செய்துவருகிறேன். ரகசியம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் மட்டும் கெட்டுப்போன நாவலை நான் அதிகம் பார்த்ததில்லை. ரகசியத்தைத் தவிர உள்ளே வேறு எதுவும் இல்லாததால் கெட்டுப்போன நாவல்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றை மறைத்து வாழ்வது ஒரு நாளில் செய்து முடிக்கும் காரியம் அன்று. கைபேசியை எந்தப் பக்கமாகக் கவிழ்த்து வைப்பது, பழைய கதை ஒன்றைச் சொல்லும்போது எந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்வது, யார் முன்னிலையில் யாருடைய பெயரைச் சாதாரணமாக உச்சரிப்பது என்று காலை முதல் இரவு வரை செய்ய வேண்டிய வேலை அது. அந்த அன்றாட உழைப்புதான் உங்கள் கதை. மறைக்கப்படும் பொருளைப் பூட்டி வைப்பதில் காட்டிய அக்கறையை, மறைக்கும் மனிதர்களைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதில் காட்டியிருந்தால், மூவர் கண்டுபிடித்தது உங்களுக்குக் குறையாகவே தோன்றியிருக்காது.

மனம் ஒவ்வாதவரோடு வாழும் வாழ்க்கையை, ஒரு குடிசைக்குள் பாம்போடு சேர்ந்து குடியிருப்பதற்கு ஒப்பிடுகிறது உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறள்: 'உடம்பா டிலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று.' இந்த வகை நாவலுக்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை நான் கண்டதில்லை. பாம்பு இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பெரிய கேள்வி அன்று. அது இருப்பது தெரிந்தோ, அரைகுறையாகத் தெரிந்தோ, தெரியாதது போலவோ, அந்தச் சிறிய இடத்தில் ஒவ்வொரு நாளும் எப்படிக் காலை எடுத்து வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 'உடனுறைந்து' என்ற சொல்லில்தான் அச்சம் முழுவதும் இருக்கிறது.

இதை உங்கள் பிரதியில் இருந்தே காட்டுகிறேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. தோழி கதையில் முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்து, மாலையில் மாடி அறைக்குப் பெட்டியோடு ஏறப் போகிறாள். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் படியருகே இல்லை. பழைய அலமாரி ஒன்றின் பக்கவாட்டில் மறைந்திருக்கிறது. புதிதாக வருகிற எவரும் முதலில் படியருகே உள்ள வெறுஞ்சுவரைத் தடவுவார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டீர்கள். தோழியோ பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், அலமாரியின் பக்கவாட்டில் கையை விட்டு விளக்கைப் போடுகிறாள். மிக நல்ல இடம் இது. ஆனால் அடுத்த வரியில் 'எனக்கு ஏதோ உறுத்தியது' என்று மனைவி சொல்கிறாள். அந்த ஒரு வரியால் துப்பு விளம்பரப் பலகை ஆகிவிட்டது. உங்கள் மூன்று வாசகர்களும் அங்கேதான் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'அவள் விளக்கைப் போட்டாள். பெட்டியின் ஒரு கைப்பிடியை நான் பிடித்துக்கொள்ள, இருவரும் மெதுவாக ஏறினோம்.' கூர்மையான வாசகர் தோழியின் கையைக் கவனித்துவிடுவார். இவள் இங்கே முன்பே வந்திருக்கிறாள் என்று ஊகிப்பார். தானே கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு மகிழ்ச்சியும் வரும். வரட்டும். அந்த மகிழ்ச்சியில் அவர் பார்க்கத் தவறுவது வேறொன்று: மனைவி ஏன் ஆச்சரியப்படவில்லை? சுவிட்ச் இருக்கும் இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் ஏன் கேட்கவில்லை? தோழியின் கை முதல் துப்பு. மனைவியின் மௌனம் அதற்கு அடியில் கிடக்கும் இரண்டாம் துப்பு. முதலாவதைக் கண்டவர்கள் இரண்டாவதைத் தேட மாட்டார்கள், ஏனென்றால் தேடிக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கடைசியில் உண்மை தெரியவரும்போது அவர்கள் திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போவார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அந்தக் காட்சி அப்போது வேறொரு காட்சியாக இருக்கும். புதிதாக ஒரு தகவலைக் கொண்டுவந்து கொட்டுகிற ட்விஸ்டுக்கும், பார்த்ததையே வேறாகப் பார்க்க வைக்கிற ட்விஸ்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

துப்பை எங்கே வைப்பது என்பதில் சில பழக்கங்கள் உதவும். பத்தியின் கடைசி வாக்கியத்தில் வைத்தால் வாசகரின் கண் அங்கே நின்றுவிடும். நடுவில், வேறொரு உணர்ச்சியின் ஓட்டத்துக்குள் வைத்தால் அது மனத்தில் பதியும், ஆனால் உறுத்தாது. பெட்டி கனமாக இருக்கிறது, தோழி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருக்கிறாள், மனைவிக்குக் கண் கலங்குகிறது என்ற மூன்றுக்கும் இடையில் சுவிட்ச் வந்து போனால் போதும். கேள்வி எழுவதற்கு முன்பே ஒரு பொருத்தமான விடையைத் தந்துவிடுவதும் நல்ல வழி. தோழி எந்த வீட்டிலும் இயல்பாகப் புழங்கிவிடுபவள் என்று முந்தைய பக்கத்தில் ஒரு சொல் இருந்தால், அவளுடைய கை அந்தக் குணத்தின் அடையாளமாகவே படிக்கப்படும்.

இவ்வகை எழுத்தைத் துப்பறியும் கதையின் தங்கை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1928ஆம் ஆண்டில் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகளை வகுத்து வெளியிட்டார். கதையில் காதல் விவகாரம் இருக்கக் கூடாது என்பது அவற்றில் மூன்றாவது விதி. குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவதே வேலை, ஒரு காதல் ஜோடியை மணமேடைக்குக் கொண்டுசேர்ப்பது அன்று என்பது அவர் வாதம். நீண்ட வர்ணனைகளும் சூழலின் மனநிலையைக் கட்டியெழுப்புவதும் வேண்டாம் என்று இன்னொரு விதியில் சொன்னார். அவர் அன்று வெளியே தள்ளியவை எல்லாம் சேர்ந்துதான் குடும்ப மர்ம நாவல் ஆகியிருக்கிறது. அதில் மணமேடை கதையின் முடிவில் வருவதில்லை; கதை தொடங்குவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருக்கும், குற்றமும் அங்கிருந்துதான் புறப்படும்.

மணந்தவரையே அஞ்சும் இந்தப் பயத்தின் வேர் இன்னும் பழையது. சார்ல் பெரோ 1697இல் பதிப்பித்த நீலத்தாடிக்காரன் கதையில், புது மனைவியிடம் வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுக்கும் கணவன், ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது என்கிறான்; அவன் கொன்ற முந்தைய மனைவியரின் உடல்கள் அங்கேதான் இருக்கின்றன. திறக்கக் கூடாத அறையின் சாவியையும் அவளிடமே கொடுக்கிறான் என்பதுதான் அந்தக் கதையின் நுட்பம். திருமணம் என்ற ஏற்பாடு எல்லாச் சாவிகளையும் தருவதாகச் சொல்கிறது; ஒன்றைப் பயன்படுத்தாதே என்றும் சொல்கிறது. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டின் சட்டம் விவாகரத்தை மதச்சார்பற்ற நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தவை செய்தித்தாள்களில் வரத் தொடங்கின. விவாகரத்துப் பெற, கணவன் தன் மனைவியின் பிறனுறவு ஒன்றை மட்டும் நிரூபித்தால் போதுமானதாக இருந்தது. மனைவியோ கணவனின் பிறனுறவோடு கொடுமை, கைவிடல் போன்ற ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த 1860களில் மரியாதைக்குரிய வீட்டுக்குள் மறைந்த குற்றம் என்ற கதைவகை அங்கே பெருகியது தற்செயல் அன்று. மணமானவுடன் மனைவியின் உடைமை பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும் நிலை அங்கே 1882ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை முழுதாக நீங்கவில்லை. எனவே யாரை மணக்கிறோம் என்பது அன்றைய பெண்ணுக்கு உயிரையும் உடைமையையும் பணயம் வைக்கும் கேள்வியாக இருந்தது. உங்கள் நாவலிலும் இதைக் கேளுங்கள்: இந்த ரகசியம் வெளிப்பட்டால் யாருடைய வீடு, யாருடைய பணம், யாருடைய குழந்தை, யாருடைய பெயர் போகும்? மனம் மட்டும் உடையும் என்பது விடையானால், வாசகர் அனுதாபப்படுவார், பதற மாட்டார்.

1938ஆம் ஆண்டில் இந்த வகையை நிலைநிறுத்திய இரண்டு படைப்புகள் வந்தன. ஒன்று டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா'. கதை சொல்லும் இரண்டாம் மனைவிக்கு நாவல் முழுவதும் பெயரே இல்லை; இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் புத்தகத்தின் பெயர். கணவனின் மௌனத்துக்கு அவள் ஒரு பொருள் கொள்கிறாள். அவள் கொண்ட பொருள் தவறு என்பதில்தான் கதையின் பெரும் பகுதி ஓடுகிறது. அங்கே யாரும் பொய்யான தகவல் தந்து வாசகரை ஏமாற்றவில்லை. காதலித்தவள், தன்னைக் குறைத்தே பார்த்துப் பழகியவள், அப்படித்தானே பொருள் கொள்வாள்?

மற்றொன்று பாட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம். ஒருவரைத் தன் மனத்தையே சந்தேகிக்க வைத்து ஆட்டிவைப்பதைக் குறிக்க இன்று பலரும் வாயில் வைத்திருக்கும் 'கேஸ்லைட்டிங்' என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்த நாடகத்தின் நுட்பத்தைச் சிலரே கவனிக்கிறார்கள். கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, ரகசியமாக மேல்தளத்துக்கு வந்து விளக்கேற்றி நகைகளைத் தேடுகிறான். வீட்டில் எல்லா விளக்குகளுக்கும் ஒரே வாயுக் குழாய்தான். மேலே ஒரு விளக்கு எரியத் தொடங்கினால் கீழே மனைவியின் அறையில் வெளிச்சம் மங்கும். அவளுடைய மனம்தான் குழம்பியிருக்கிறது என்று அவன் சாதிக்கலாம். குழாயிடம் சாதிக்க முடியாது. நல்ல துப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் உள்ளுணர்விலோ சந்தேகத்திலோ தொங்காமல், அந்த வீட்டின் அமைப்பிலேயே, பௌதிகமான காரணத்தோடு அது இருக்க வேண்டும். உங்கள் மாடிப்படி சுவிட்ச் அந்த வகையைச் சேர்ந்தது என்பதால்தான் அதை விட்டுவிடாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

'கேஸ்லைட்டிங்' என்ற சொல் இவ்வளவு பரவிவிட்டதில் எழுதுபவருக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தும் வேல்ஸும், நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஒடுக்குவதை ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமாக்கின. அன்பாகப் பேசி அடிமைப்படுத்தும் கணவனை வாசகர்கள் இன்று இரண்டு பக்கங்களில் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். 'கணவன் நல்லவன் போல் இருக்கிறான், ஆனால் நல்லவன் இல்லை' என்பது இனி ஒரு ரகசியமே இல்லை. அதைத் தொடக்கப் புள்ளியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான்காம் வாசகரின் கோபத்துக்கு வருகிறேன். அவருடைய குற்றச்சாட்டைத்தான் நான் மற்ற மூவரின் கருத்தைவிடக் கவனமாக எடுத்துக்கொள்வேன். 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்துக்கு விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் பெயர் கொடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1926இல், அகதா கிறிஸ்டியின் ஒரு நாவல் வெளிவந்தபோது, கதைசொல்லி இவ்வளவு மறைக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. (எந்த நாவல் என்று சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுவிடும்.) அந்த நாவலை ஆதரித்தவர்கள் காட்டிய காரணம், கதைசொல்லி எங்கும் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார், விட்ட இடங்களைத் திரும்பிப் போய்ப் பார்த்தால் தழும்பு தெரிகிறது என்பது. அந்தக் கோட்டை நீங்கள் ஓரிடத்தில் தாண்டிவிட்டீர்கள். 'அன்றுதான் அவர்கள் இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்' என்று மனைவி எழுதுகிறாள். அவளுக்கு உண்மை தெரியும் என்றால் இது அப்பட்டமான பொய். இதற்குப் பதிலாக 'அவளை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தேன். அவர் எழுந்து நின்று, வாருங்கள் என்றார்' என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் அறிமுகம் செய்துவைத்தது உண்மை, அவர் எழுந்து நின்றதும் உண்மை. ஏற்கெனவே பழகிய இருவரை, பழகியது தனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாமல், ஒரு மனைவி முறைப்படி அறிமுகம் செய்துவைக்கிறாள். உண்மை தெரிந்த பின் அந்தக் காட்சியில் எவ்வளவு கொடுமையும் எவ்வளவு துயரமும் இருக்கின்றன என்று பாருங்கள். பொய் சொல்லாமல் இருப்பதால் நாவல் பலவீனப்படும் என்று பயப்பட வேண்டாம். பொய் சொல்ல முடியாது என்ற கட்டுப்பாடுதான் இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேட வைக்கிறது.

முழுப் பிரதியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். 'தெரியாது', 'நினைத்தேன்', 'திடுக்கிட்டேன்' ஆகிய சொற்கள் மனைவியின் வாயில் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நிலையில் அந்த வாக்கியம் நிற்குமா என்று சோதியுங்கள். நிற்காதவற்றை வெட்டிவிடுங்கள், அந்த இடத்தில் அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு வசதியை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். நமக்கு 'நீ'யும் 'நீங்கள்'உம் இருக்கின்றன. கணவன் தோழியிடம் வாய்தவறி 'நீ' என்று சொல்லிவிடுவது எளிய துப்பு, அதை எவரும் பிடித்துவிடுவார்கள். அதைவிட, அவன் ஒருமுறைகூடத் தவறாமல், மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்த பிறகும், மற்ற எல்லோரிடமும் இரண்டாம் நாளே ஒருமைக்கு வந்துவிடுகிற அவன், தோழியிடம் மட்டும் அசையாமல் 'நீங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு கனமான துப்பு! அதேபோல, இரண்டு தோழிகளும் பேச்சுக்குப் பேச்சு ஒருவரையொருவர் 'டி' போட்டு அழைத்துக்கொள்கிறார்கள். எந்த நாளிலிருந்து மனைவியின் பேச்சில் அந்த 'டி' உதிர்ந்துபோனது என்பதை நீங்கள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, எங்கும் சுட்டிக்காட்டாமல் எழுதிச் செல்லுங்கள். வாசகருக்கு ஏதோ குளிர்ந்துபோனது தெரியும். எதனால் என்று தெரியாது.

உங்கள் நாவலில் எனக்கு மிகவும் குறையாகத் தெரிவது நட்பு. நிறைய எழுத்தாளர்கள் இந்தத் தவறைச் செய்கிறார்கள்: கணவன் மனைவி உறவை நாவலாகவும், தோழியை அதற்குள் எறியப்படும் கல்லாகவும் நடத்துகிறார்கள். ஆனால் தோழிதான் அந்த வீட்டில் மனைவியின் முந்தைய வாழ்க்கைக்கு ஒரே சாட்சி. திருமணத்துக்கு முன் அவள் யாராக இருந்தாள், எதற்குச் சிரித்தாள், எதைச் செய்யவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் என்பதெல்லாம் தோழிக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியாது. ஒரு மனைவி கணவனிடம் காட்டுகிற தன் உருவம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது திருத்தப்பட்ட பிரதி. திருத்தப்படாத மூலப்பிரதி தோழியிடம் இருக்கிறது. எனவே தோழி வாசலில் வந்து நிற்பதே, அவள் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல் வந்தாலும்கூட, அந்தத் திருமணத்துக்கு ஓர் அச்சுறுத்தல். மூவரில் ஒவ்வொருவருக்கும் மற்ற இருவருக்கும் இடையே உள்ளது முழுதாகத் தெரியாது என்ற இந்த முக்கோணம், துரோகம் எதுவும் நடக்காமலேயே பாதி நாவலைத் தாங்கும்.

மேலும், நட்பு முறிவதன் வலிக்கு உலகத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. திருமணம் முறிந்தால் நீதிமன்றம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, உறவினர்கள் கூடிப் பேசுகிறார்கள், யாரோ ஒருவர் பக்கம் நிற்கிறார்கள். பதினெட்டு வயதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவந்த ஒருத்தி துரோகம் செய்துவிட்டாள் என்றால் எங்கே போய் முறையிடுவது? அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. உங்கள் மனைவிப் பாத்திரம் கணவனை மன்னிக்கத் தயாராக இருப்பதும், தோழியை மட்டும் மன்னிக்க முடியாமல் தவிப்பதும் உங்கள் பிரதியிலேயே ஆங்காங்கே தெரிகிறது. நீங்கள் அதை ஓரமாகத் தள்ளியிருக்கிறீர்கள். என் கருத்தில் நாவலின் மையம் அதுதான். தொழுத கைக்குள்ளும் படை ஒடுங்கியிருக்கும், பகைவர் அழுத கண்ணீரும் அத்தகையதே என்று கூடாநட்பு அதிகாரம் எச்சரிக்கிறது. உங்கள் கதையின் தனித்தன்மை, இங்கே தொழுத கையும் அழுத கண்ணும் இரு பக்கமும் இருக்கின்றன என்பது. தோழி உண்மையிலேயே அன்பு வைத்திருக்கிறாள், மறைக்கவும் செய்கிறாள். மனைவி உண்மையிலேயே வரவேற்கிறாள், கண்காணிக்கவும் செய்கிறாள். இரண்டில் ஒன்று நடிப்பு என்று முடிவில் ஆக்கிவிட்டால் கதை சிறுத்துவிடும். இரண்டும் மெய்யாக இருக்கும்போதுதான், மேசையின் இருபுறமும் அமர்ந்து அவர்கள் பழைய கல்லூரிக் கதை பேசிச் சிரிக்கிற காட்சியில் வாசகருக்கு மூச்சு முட்டும்.

அடுத்து, ஏன் மறைத்தார்கள் என்பது. கதைக்குத் தேவைப்பட்டது என்பதற்காக மனிதர்கள் எதையும் மறைப்பதில்லை. பெரும்பாலான குடும்ப ரகசியங்கள் தொடங்கிய நாளில் சிறியவை. அன்றே சொல்லியிருந்தால் ஒரு மாலை நேரச் சண்டையோடு முடிந்திருக்கும். அடுத்த நாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். பத்து ஆண்டு கழித்துச் சொன்னால் முதல் விஷயம் ஒன்றுமே இல்லை, அந்தப் பத்து ஆண்டு மௌனம்தான் குற்றம். உங்கள் நாவலின் கணவன் திருமணத்துக்கு ஓராண்டு முன்பு தோழியோடு ஆறு மாதம் பழகியிருக்கிறான். அதில் என்ன இருக்கிறது? அதைச் சொல்லாமல் விட்ட முதல் தருணத்தை எங்காவது எழுதுங்கள். பெண் பார்த்துப் பேசிய நாளில், தன் நெருங்கிய தோழி என்று மனைவி ஒரு புகைப்படத்தைக் காட்டியிருப்பாள். அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பான். அந்த மூன்று நொடிதான் நாவல் முழுவதற்கும் விதை. வட்டி அதன் மேல்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒரு பாத்திரத்தின் மனநோய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிக்கும் பழக்கத்தையும், வசதியான மறதியையும் தவிர்த்ததற்கு உங்களைப் பாராட்டுகிறேன். நோயுற்றவர்களை அச்சத்தின் உருவமாக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. கதை அளவிலும் அது விளக்கத்தைத் தராமல் நழுவுவதுதான். சீலியா ஃப்ரெம்லின் 1958இல் எழுதிய 'தி ஹவர்ஸ் பிஃபோர் டான்' நாவலில், இரவெல்லாம் அழும் கைக்குழந்தையோடு தூக்கமின்றித் தவிக்கும் தாய்க்கு, வீட்டில் குடிவந்திருக்கும் பெண்ணின் மேல் சந்தேகம் வருகிறது. சந்தேகம் சரியா, களைப்பு செய்யும் வேலையா என்று அவளுக்கே தெரியவில்லை. வெறும் தூக்கமின்மையை வைத்து இவ்வளவு பதற்றத்தை உண்டாக்க முடிகிறது. அந்த நாவலுக்கு 1960இல், அமெரிக்க மர்ம எழுத்தாளர்கள் சங்கம் தரும் எட்கர் விருது கிடைத்தது. கதைசொல்லியின் பார்வை மங்குவதற்கு அசாதாரணமான காரணம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டு வாழ்க்கையின் அன்றாடக் களைப்பே போதும்.

திருத்தும் வேலையை எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். முதலில் கணவன், தோழி, மனைவி ஆகிய ஒவ்வொருவருடைய உண்மைக் கதையையும், மர்மம் எதுவும் இல்லாமல், நடந்த வரிசையில், பத்துப் பத்துப் பக்கமாக எழுதுங்கள். அந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போகாது. பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே, அந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியும் என்று யார் நினைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தோழியின் வயதும் கல்லூரி ஆண்டும் திருமண ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஓரிடத்தில் இரண்டு ஆண்டு இடிக்கிறது. இவ்வகை நாவலின் வாசகர்கள் எண்ணிப் பார்ப்பவர்கள். உங்கள் கைப்பிழையைத் துப்பு என்று எடுத்துக்கொண்டு வேறு திசையில் போய்விடுவார்கள். அடுத்த முறை படிக்கக் கொடுக்கும்போது, முடிவை ஊகித்தீர்களா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது, எப்போது அது மாறியது, எந்த இடத்தில் மனைவிக்காகப் பயந்தீர்கள், எந்த இடத்தில் மனைவியைப் பார்த்தே பயந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவராவது ஒரு பக்க எண்ணைச் சொன்னால் உங்கள் நாவல் வேலை செய்கிறது.

இறுதி அத்தியாயத்தில் தோழி எழுதிவைத்துவிட்டுப் போகும் ஒன்பது பக்கக் கடிதத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விளக்குகிற கடிதம் வந்தவுடன், அதுவரை கண்ணாலும் காதாலும் துப்புச் சேர்த்துக்கொண்டிருந்த வாசகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கடிதத்தில் நீங்கள் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி முன்பக்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சத்துக்கு ஒரே ஒரு காட்சி போதும். தோழி புறப்படுகிறாள், விடியவில்லை, கணவன் இன்னும் எழவில்லை. அதே பெட்டியை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருகிறார்கள். கீழே வந்ததும் விளக்கை அணைக்க வேண்டும். தோழியின் கை பழக்கத்தில் அலமாரியின் பக்கவாட்டுக்குப் போகிறது. அங்கே மனைவியின் கை அவளுக்கு முன்பே வந்து சுவிட்சின் மேல் இருக்கிறது. அவர்கள் இருவரும் அப்போது பேசுகிறார்களா இல்லையா, பேசினால் அந்த வாக்கியத்தில் 'டி' இருக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.